சட்டத்துக்கு இரண்டு வயது கூடியபோது

ஆக்களின் வீட்டுப் படலையைத் தட்டி, "உங்கட பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரேல்ல?" என்று கேட்பதுதான் என்னுடைய உத்தியோகம், இந்த உத்தியோகத்தில் நல்ல பேர் எடுத்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

மின்சார மீற்றர் பார்க்கப் போகிறவர்களே, டெங்கு நுளம்பின் குடம்பி தேடிக் கிணற்றடியை எட்டிப் பார்க்கிறவர்களே, வாக்காளர் பேர் எழுதப் போகிற கிராம சேவகர்களே, நாய் துரத்திய என் சகோதரங்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருந்துகொண்டே "வீட்டில ஒருத்தரும் இல்லை" என்று குரல் கொடுப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் முதலில் ஆசிரியையாக இருந்தேன். சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கிய காலத்தில், படிப்பிலிருந்து இடைவிலகிய பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கல்விக் கந்தோரில் என்னிடம் தந்தார்கள். என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. அதுதான் என் தகுதி.

அப்போது சட்டம் பதினாலு வயதோடு நின்றது. ஐந்து வயதிலிருந்து பதினாலு வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கத்தான் வேண்டும். பதினாலு முடிந்ததென்றால், நான் வாசலில் நின்று கெஞ்சலாம். அவ்வளவுதான்.

தராசு எங்க?

நானாட்டான் பக்கத்தில் ஒரு கிராமம். மீளக்குடியேறி ஒரு மாரி கூடக் கழியவில்லை. வீடுகள் எல்லாம் தகரமும் தறப்பாளும். அப்படியான இடத்துக்கு ஒரு பெண் தோளில் பையும் ஸ்கூட்டியில் குடையுமாக வந்தால், அவள் குழந்தைகளை நிறுக்க வருகிற மிட்வைஃப்தான். வேறு ஆர் வரப்போகிறார்கள்? நான் வாய் திறக்குமுன்பே அந்த வீட்டுக்காரி சறோ உள்ளே ஓடிப்போய், அப்போதுதான் குளிப்பாட்டின குழந்தையைத் தூக்கிவந்து என் கையில் தந்துவிட்டாள். குழந்தை நல்ல கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. கொஞ்ச நேரம் நானும் எதற்கு வந்தேன் என்பதை மறந்துபோனேன்.

நான் தேடி வந்தது மூத்தவள் மதியை. ஏழாம் வகுப்பு. ஒரு மாதமாக ஆளைக் காணவில்லை. கேட்டால், கிணற்றடியில் குழந்தையின் துணி அலசிக்கொண்டிருந்தாள். தாய் வயலில் களை பிடுங்கப் போகிற நாட்களில் குழந்தையை அவள்தான் பார்க்கவேண்டும். என் கையில் குழந்தை சிணுங்கத் தொடங்கியதும், அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி இடுப்பில் வைத்தாள். குழந்தை உடனே அடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக் கதைத்தோம். அவர்களுக்கும் இதே கரைச்சல்தான். அன்றன்றைக்கு வயலுக்குப் போகாத ஒருத்தி எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பது என்று முடிவானது. மதி அடுத்த கிழமையே பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது சறோவின் முகம் இன்னும் தெளியவில்லை. "பிள்ளையை நிறுக்க வரேல்லையெண்டா, பிறகேன் மிஸ் கையில வாங்கினனீங்கள்?" என்றாள்.

முழங்கால் கொள்ளவில்லை

யாழினிக்குப் பதின்மூன்று வயது. இடம்பெயர்ந்து, முகாம் மாறி, திரும்பவும் இடம்பெயர்ந்து, கடைசியாக அவள் ஒழுங்காகப் படித்தது மூன்றாம் வகுப்பு. ஊருக்குத் திரும்பியதும் அதிபர் அவளை நாலாம் வகுப்பில் விட்டார். ஒரு நாள் போனாள். அடுத்த நாள் போகவில்லை. நான் வீட்டுக்குப் போய் ஏனென்று கேட்டபோது, கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "மேசைக்குக் கீழ முழங்கால் கொள்ளேல்ல மிஸ்" என்றாள்.

தகப்பன் நல்ல மனிதர். எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு, "இன்னும் கொஞ்ச மாதம்தானே மிஸ். பதினாலு வந்திட்டா உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பிள்ளையை, வயது வந்ததும் சட்டம் தன்பாட்டில் விட்டுவிடும்.

நாலாம் வகுப்பு ஆசிரியை உப்புக்குளத்துப் பெண், முதல் நியமனம். நான் விசயத்தைச் சொன்னதும், "முழங்கால்தானே பிரச்சினை?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் கிடந்த பெரிய மேசை ஒன்றை இழுத்துவந்து வகுப்பின் பின்பக்கம் போட்டார். அது ஆசிரியரின் மேசை என்றபடியால் அதில் இருக்கிறவருக்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது. யாழினி திரும்பி வந்தாள். ஆனாலும் அவளுக்குப் பதினாலு முடிந்த பிறகு ஒருநாள், இருப்பாளோ என்ற யோசனையோடுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இருந்தாள். வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஒரு சின்னனிடம், "அக்கா ஒவ்வொரு நாளும் வாறவவோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓம் மிஸ். அக்கா வந்தாப் பிறகுதான் கரும்பலகையின்ர மேல்பக்கமும் அழிபடுது."

வெள்ளைச் சட்டை

முசலிக் கரையில், இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பிவந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார் அமீன் நானா. பள்ளிக்கூட இடாப்பில் பேர் மட்டும் இருந்த அவருடைய மகன் சஃப்ரானை விசாரிக்கத்தான் போனேன். வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பாணும் பணிசும் விற்கிற பாண் ஓட்டோ ஒன்று வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை; மறித்தேன். ஒரு பெடியன் குதித்து இறங்கி, இடுக்கியால் பணிஸ் எடுத்துக் கடதாசியில் சுற்றித் தந்தான். பேக்கரிக்காரர் பெடியனுக்கு என்ன சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். "தம்பி, அமீன் நானாவின்ர வீடு எது?" என்றேன். பெடியன் ஒரு கணம் என் பையைப் பார்த்தான். "அவங்க எல்லாரும் புத்தளத்துக்கே திரும்பிப் போயிட்டாங்க மிஸ்" என்றான். ஓட்டோ போய்விட்டது.

நல்லவேளையாகக் கடையில் விசாரித்தேன். அமீன் நானா இரண்டு வளவு தள்ளிக் கல் அடுக்கிக்கொண்டு நின்றார். "சஃப்ரானா? காலையிலேயே வெள்ளை உடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டானே" என்றார். இங்கத்தைய பள்ளிக்கூடத்தில், பிள்ளை தாயோடு புத்தளத்தில் படிக்கிறான் என்று நினைத்திருந்தார்கள். புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில், பிள்ளை வாப்பாவோடு ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒருவரும் தேடவில்லை. அவர் புத்தளத்துக்குப் போன் எடுத்து மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பாட்டுச் சத்தம் திரும்பவும் ஒழுங்கைக்குள் வந்தது.

பாண் ஓட்டோவுக்கு வேறு வழி இல்லை. அந்த ஒழுங்கையால்தான் திரும்பவேண்டும். பெடியன் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்த்தான். வெள்ளைச் சட்டை காட்டிக் கொடுத்துவிட்டது. வாப்பா அடிக்கக் கையை ஓங்கினார், நான் நின்றபடியால் அந்தக் கையால் தலையைச் சொறிந்தார். ஒரு பள்ளிக்கூடம், இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று அங்கேயே முடிவு செய்தோம். அவன் திங்கட்கிழமை வகுப்பில் இருந்தான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. அமீன் நானா என்னை றோட்டுவரைக்கும் கொண்டுவந்து விட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: "ரெண்டு ஸ்கூல்லயும் பேரு இரிக்கி மிஸ், புள்ளதான் ஒண்டு."

கடற்கரையில் ஒரு கிழவன்

தோட்டவெளிக்கு அங்கால், கடற்கரையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஆம்பிளையளுக்கு நடுவே ஜெனோசனைக் கண்டேன். தகப்பன் சண்டைக்குள் காணாமல் போனவர். தாய் றெஜினா தனிய. பெடியன் எட்டாம் வகுப்போடு நின்று, வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியோடு மீன்பிடித் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

நான் சட்டம் சொல்லத் தொடங்கினேன். பெடியன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், ஏதோ பிழைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. கச்சான் காற்றில் சேலையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்ற என்னிடம் அவன் ஆறுதலாகச் சொன்னான்: "போன ஞாயிறு பூசை முடிய எனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினவை மிஸ். பதினாலு முடிஞ்சுது. நான் இப்ப சட்டப்படி கிழவன்."

எழுத்து பிறகு

தர்சினி நானாட்டான் பக்கத்துப் பிள்ளை. பதினைந்து வயது, கணக்கில் புலி. தகப்பன் சிவராசா சொந்த உழவு இயந்திரம் வைத்திருக்கிற கமக்காரர். அவள் வரவில்லை என்றதும் காய்ச்சலாக்கும் என்றுதான் போனேன். போன இடத்தில் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை, சிவராசாவின் அக்கா பரமேஸ்வரியின் மகன்.

சண்டைக் காலத்தில், இயக்கத்துக்கு ஆள் சேர்க்கப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், பதினைந்திலும் பதினாறிலும் பெட்டைகளுக்குத் தாலி கட்டிவைத்தார்கள். பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "பதினெட்டுக்கு முதல் கலியாணப் பதிவு எழுத ஏலாது, தெரியும்தானே?" என்றேன். "எழுத்து பிறகு எழுதுவம் மிஸ். இப்ப வீட்டோட ஒரு தாலி" என்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் பதில் இருந்தது. பதினாலுக்குப் பிறகு பெற்றோரின் விருப்பம் என்று, போன வருசம் பெற்றோர் கூட்டத்தில் நானே என் வாயால் சொல்லியிருந்தேன். சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் சொல்லுவேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வெறும் பேச்சுக்கால்தானே மிஸ், பேச்சுக்கு ஆர் வழக்குப் போடுறது?" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உத்தியோகத்தரிடமும் சொன்னேன்தான். அவரும் வந்து கதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு நான் கைவிட்ட மனதோடு ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது, தர்சினி வேலிக்கு உள்பக்கம் வந்து நின்றாள். அழவில்லை. தாய் கூப்பிடுமுன் சொல்லிவிடவேண்டும் என்ற அவசரத்தோடு, "மிஸ், என்ர பேரை இடாப்பில வெட்டிப்போடாதேங்கோ" என்றாள்.

செய்தி வந்த நாள்

அந்தக் கிழமைகளில்தான் செய்தி வந்தது. கட்டாயக் கல்வி வயது பதினாலு இல்லை, இனிப் பதினாறு. சுற்றறிக்கை கந்தோருக்கு வந்த அன்று நான் அதைக் கதிரையில் இருக்காமலே வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன். பிறகு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஏனென்று கேட்டவர்களுக்குப் புழுதி என்றேன்.

எங்கள் கந்தோரில் பழைய கிளாக்கர் நாகேஸ் அண்ணை. இளைப்பாறுகிற வயதுக்குக் கிட்ட வந்துவிட்டவர். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பதினாலு தாண்டினவர்கள் என்று நாங்கள் மூடிவைத்த கோப்புகள் இருந்த அலுமாரியைப் பார்த்தார். இனி அவ்வளவு பேரையும் திரும்பத் தேடவேண்டும். "சட்டத்துக்கு ரெண்டு வயதுதான் கூடினது தங்கச்சி," என்றார், "எங்களுக்குப் பத்துக் கூடப்போகுது."

சத்தமாகச் சொல்லுங்கோ

நேரே சிவராசா வீட்டுக்குத்தான் போனேன். அவர் உழவு இயந்திரத்துக்குக் கீழே இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றறிக்கையை வாங்கினார். ஒருமுறை வாசித்தார். தூரத்தில் பிடித்து இன்னொருமுறை வாசித்தார்.

"அப்ப பதினாறு முடியும்வரைக்கும் நான் அவளை மறிக்க ஏலாது?"

"ஏலாது."

"மறிச்சா?"

"வழக்கு வரும்" என்றேன், என்னிடம் இருந்த தைரியத்தை விடக் கொஞ்சம் கூடிய தைரியத்தோடு.

அவர் சண்டைக்கு வருவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவரோ வாசல்படியில் குந்தி, பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர்போல மூச்சு விட்டார். அம்மா செத்த பிறகு அக்காதான் தன்னை வளர்த்தது என்றார். அக்கா கேட்டதற்கு இல்லை என்று தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லையாம். பிள்ளை படிப்பது அவருக்கும் விருப்பம்தானாம். "நான் சொல்ல ஏலாது மிஸ். அரசாங்கம் சொல்லலாம்தானே? அக்கா வீட்டையும் ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ. கொஞ்சம் சத்தமாச் சொல்லவேணும், அவவுக்கு ஒரு காது கேளாது."

அவர் உழவு இயந்திரத்தில் முன்னே போக, நான் புழுதி குடித்துக்கொண்டு பின்னே போனேன். பரமேஸ்வரி அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அயலட்டம் முழுக்க வேலியடிக்கு வந்துவிட்டது. சட்டம், பதினாறு, வழக்கு எல்லாவற்றையும் கத்தி முடித்தபோது எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. சிவராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மிளகாயை விட்டுவிட்டு எழும்பி வந்தார். பிறகு தம்பியின் கையைப் பிடித்தார். நான் சொல்ல வந்தது தர்சினியின் படிப்பைப் பற்றி. அவள் பிறகு சாதாரண தரப் பரீட்சை எடுத்து, உயர்தரமும் படித்தாள், அது வேறு. ஆனால் அன்றைக்கு அக்கா சொன்னதைக் கேட்டதும் சிவராசா மிளகாய்ப் பாயிலேயே குந்திவிட்டார்: "என்ர பெடியன் முருங்கனில ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சுக்கொண்டு அழுதுகொண்டு திரியிறான், இதைத் தம்பியிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் நானும் இவ்வளவு நாளும் முழுசிக்கொண்டு இருந்தனான்."

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

ஜெனோசனுக்குச் செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. சட்டத்தில் வயது பதினாறாகிவிட்டது என்று கேள்விப்பட்டதுமே சம்மாட்டி அவனை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டார். வயது குறைந்த பெடியனுக்குக் கடலில் ஏதாவது நடந்தால் தன் தலையில் விடியும் என்பது அவருடைய பயம். நான் போனபோது றெஜினா என்மீது பாய்ந்தார். "நாளைக்குக் கறிக்கு மீன் ஆர் தருவினம், நீங்களோ?" என்று கேட்டார். சம்மாட்டியின் மனைவியிடம் போனேன். அவர் கருவாடு காயப்போடுகிற வாடியை நடத்துகிறவர், ஆள் தேடிக்கொண்டிருந்தார். றெஜினா அடுத்த நாளே வாடியில் வேலைக்குப் போனார்.

பெடியன் ஒன்பதாம் வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வந்து இருந்தான். மீசை அரும்பியிருந்தது. ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கிழவன் இவ்வளவு சுலபத்தில் அடங்குகிற ஆள் இல்லையே. இடைவேளையில் படலையடியில் வைத்து, "என்மேல கோபமோ?" என்று கேட்டேன். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். (இப்போது அவன் மன்னார் ரவுணில் மின்சார வேலை செய்கிறான், எழுதலாமோ என்று கேட்டு, அவன் சிரித்துக்கொண்டு ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.) என் காதுக்குக் கிட்ட வந்து, சுத்த நிம்மதியோடு சொன்னான்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மிஸ், வள்ளத்தில ஏறின ஒவ்வொரு நாளும் நான் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறனான்."

என் வீட்டுப் படலை

ஊர்ப் பிள்ளைகளைத் தேடி அலைந்த என் வீட்டிலும் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். என் மகன் றொஷான். ஒருநாள் காலை, நான் அவசரத்தில் இடியப்பம் அவித்துக்கொண்டிருக்க, எழும்பு என்று நாலைந்து முறை கூப்பிட்டும் அசைவில்லை. அறைக்குள் போனேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா, இண்டைக்கு எனக்குப் பதினாறு முடிஞ்சுது."

பிறந்தநாளுக்காகத்தான் சொல்கிறான் என்று குனிந்து கொஞ்சப் போனேன். பிறகுதான் விளங்கியது. எத்தனை படலைகளில் நின்று நான் சொன்ன சட்டம் அது! சாப்பாட்டு மேசையிலும் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். என்னிடம் இப்போது சட்டமும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை வருகிறதே என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. என் மனுசனைப் பார்த்தேன், அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் போய் இடியப்பத்தை இறக்கி, பையை எடுத்து, ஸ்கூட்டியை வெளியே தள்ளினேன். ஒழுங்கையில் ஒரு கழுதை குறுக்கே நின்று, போவதா வேண்டாமா என்று என்னைப் போலவே யோசித்துக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் கதவு அடிபட்டது. றொஷான் வெள்ளை உடுப்போடு, ஒரு கையில் சப்பாத்தும் வாயில் இடியப்பமுமாக ஓடிவந்து ஸ்கூட்டியில் பின்னால் ஏறினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ர ராசா, அம்மாவுக்காக வந்தனியோ?" என்றேன்.

"இல்லை அம்மா, இண்டைக்கு எங்கட வகுப்புக்கும் மற்ற வகுப்புக்கும் கிரிக்கெட் மட்ச்."

பிள்ளையைப் பதினாறு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க அரசாங்கத்திடம் ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் வைத்திருக்க ஒரு பந்தும் மட்டையும்தான் இருக்கிறது என்பதை நான் இன்னும் மேலிடத்துக்கு அறிவிக்கவில்லை.